அஞ்சு நம்பர் சாவி

வேண்டாமுங்க தம்பி, அந்தச் சாவி செட்ட வாங்காதீங்க. திருப்பிக் குடுத்துருங்க. கோவிச்சுக்காதீங்க, பக்கத்துல உக்காந்துட்டு இதப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. பஸ் கெளம்புனா விக்கறவன் எறங்கிருவான், அப்பறம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு முச்சூடும் தேடுனாலும் சிக்கமாட்டான். ஏப்பா, இந்தா, தம்பிக்கு வேண்டாமாம். அடுத்த பஸ்ஸப் பாரு. என்னை மொறச்சு என்ன ஆகப்போகுது, போ.

சைக்கிளுக்குத்தானே கேட்டீங்க? அவன்கிட்டச் சொன்னது காதுல உழுந்துச்சு. சீட்டு ஏத்தி எறக்கறதுக்கு, ஹேண்டில் பார் இறுக்கறதுக்குன்னு சொன்னீங்க. புது சைக்கிளா? கியர் வெச்சதா? அப்பச் சரி. அதுலயெல்லாம் இப்ப ஸ்பானருக்கு வேலையே இல்லீங்க, எல்லாமே ஆலன் கீதான். ஆறு பட்டையா ஒரு கம்பி, ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும். போல்ட்டுத் தலைல ஆறு பட்டையா ஒரு குழி. அதுல உட்டுத் திருகறது. பாக்கறதுக்கு வெறும் வளைச்ச கம்பி, அதுல என்ன நல்லது கெட்டதுன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. நீங்களும் அப்படித்தான் நெனைச்சீங்க. தப்பில்ல, சொல்லிக் குடுக்க ஆளில்லாட்டி அப்படித்தான் நெனைப்பாங்க.

அவன் காட்டுனது மடக்குக் கத்தியாட்டம் பளபளன்னு இருந்துச்சுல்ல. பளபளப்பு மேல பூசறதுங்க. உள்ள என்ன இரும்புன்னு பூச்சு சொல்லுமா? மொதல்ல நுனியப் பாக்கோணும். ஆறு மூலையும் வெட்டி வெச்சாப்புல கூரா இருக்கோணும். நகத்த வெச்சு இழுத்தா நகம் தடுக்கோணும். வழுக்கிட்டுப் போச்சுன்னா பேசாம வெச்சுட்டு வந்துருங்க. கடைக்குப் போறப்ப உங்க சைக்கிள் போல்ட்டு ஒண்ணக் கையோட கொண்டுபோங்க. கடைக்காரன் சிரிப்பான், சிரிச்சுட்டுப் போறான். சாவிய அந்தக் குழில உட்டு ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடுச்சுன்னா அது சாவியே இல்ல. இந்த மாதிரி செட்டுல இன்ச்சு அளவுல பண்ணுனதையும் மில்லிமீட்டரோட கலந்து போட்டுருவானுங்க. கிட்டத்தட்ட ஒரே அளவாட்டத்தான் இருக்கும். உள்ளயும் போகும். அப்படிப் போறதுதான் ஆபத்து. உள்ள போகாத சாவி ஆரையும் ஏமாத்தாது.

முப்பது சாவி இருக்கற செட்டெல்லாம் நமக்கு எதுக்குங்க? சைக்கிளுக்கு நாலு, அஞ்சு, ஆறு, இந்த மூணு எம்.எம். நல்லதா இருந்தாப் போதும். அதுலயும் அஞ்சு. பாதி சைக்கிள் அந்த அஞ்சுலதான் நிக்குது. சிலதுல ஒரு நுனி உருண்டையா இருக்கும், சாய்ச்சுப் புடிச்சுத் திருகலாம். வெரசாச் சுத்தறதுக்கு மட்டும் அது. கடைசி இறுக்கு எப்பவும் பட்டை நுனிலதான். மறந்துராதீங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? பம்பு கம்பெனில டூல் ஸ்டோர்ஸ்ல இருந்தேனுங்க. ஸ்டோர்ஸ் ஆறுச்சாமின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். சர்வீஸ் பூரா அந்தக் கம்பிவலைக்குப் பின்னாடிதான். ஆளாளுக்குப் பித்தளை டோக்கன் இருக்கும். டோக்கனக் குடுத்தா டூல் குடுப்பேன். டோக்கன் இல்லாட்டி மானேஜரே வந்தாலும் ஒரு சாவி வெளிய போகாது. ஒருக்கா ஒரு மிசின் நின்னுபோச்சு. ஃபோர்மேன் ஓடியாந்தான். டோக்கன் சட்டைல இருக்குது, சட்டை லாக்கர்ல இருக்குது, அவசரம், குடுங்கண்ணான்னான். போய் எடுத்துட்டு வாடான்னேன். எடுத்துட்டுத்தான் வந்தான். மிசின் நின்னா நிக்கட்டுமுங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல? இன்னிக்கு இவனுக்குத் தளத்தி உட்டா நாளைக்கு எல்லாவனும் கைய நீட்டுவான்.

அவிநாசி வந்துருச்சா? இல்ல, இது கருமத்தம்பட்டி. நான் பெருந்துறைல எறங்கோணும். கண்டக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், இருந்தாலும் பாத்துக்கோணும். பேச்சு வாக்குல உட்டுருவேன்.

பெருந்துறைல மச்சினன் ஊடு. ஊட்டுக்காரியும் பொண்ணும் அங்கதான் இருக்காங்க. ஒரே பொண்ணு, தாரணின்னு பேரு. பல்லு டாக்டருக்குக் கடைசி வருசம் படிச்சுட்டு இருந்தா. இந்தப் பைல இருக்கறது அவளுக்குத்தான். என்ற ஆலன் கீ செட்டு. நான் ரிட்டையர் ஆனப்ப ஸ்டோர்ஸ் பசங்க ஒட்டுக்காச் சேந்து வாங்கிக் குடுத்தாங்க, வெளிநாட்டு செட்டு. எடுத்துக் காட்டறேன் இருங்க. பொட்டி மேல சந்தனம் பாத்தீங்களா, இன்னும் சரியாக் காயல. நேத்து ஆயுத பூசைல வெச்சது. இன்னிக்கு விடியால நல்ல நேரம் பாத்து மறுபூசை போட்டுட்டுத்தான் எடுத்தேன். அதுக்கு முன்னாடி தொடமாட்டேன். எங்கப்பன் காலத்துலருந்து எங்க ஊட்ல அப்படித்தான். சாமி முன்னாடி வெச்ச சாமான் ஒரு ராத்திரி சாமிகிட்ட இருக்கோணும். இந்த பஸ்ஸுக்குக்கூட வாழ மரமெல்லாம் கட்டியிருக்காங்க பாருங்க, ஆனா நேத்தே ஓட்டிட்டுத்தான் இருந்திருப்பாங்க. அவங்களுக்கு வேற வழி இல்ல. எனக்கு இருந்துச்சு.

போன வருசம் இதே ஆயுத பூசை. அன்னிக்குக் காலைல நாந்தான் தாரணியோட சைக்கிளக் கழுவுனேன். நல்ல சைக்கிளுங்க, அவளே சேத்து வெச்சு வாங்குனது. ஞாயித்துக்கெழமையானா ஒரு கூட்டமாச் சேந்துட்டு ஊட்டிப் பக்கம், ஆனைகட்டிப் பக்கம்னு போயிருவாங்க. எனக்குச் சும்மா தண்ணி ஊத்திக் கழுவறதெல்லாம் ஆகாது. ஹேண்டில் பாரையும் முன்சக்கரத்தையும் சேத்துப் புடிக்கற கழுத்து இருக்குது பாருங்க, அதுல ரெண்டு போல்ட்டு. அதத் தளத்தி, உள்ள இருந்த மண்ணையெல்லாம் தொடச்சு, கிரீஸ் வெச்சு, மறுபடியும் கைக்கு வந்த வரைக்கும் திருகி உட்டேன். இறுக்கறதுக்குள்ள பூசை நேரம் வந்துருச்சு. டூல்ஸெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு அடுக்கோணுமில்ல? பரிமளா, என்ற ஊட்டுக்காரி, பொரி கடலையெல்லாம் எடுத்து வெச்சுட்டுக் கூப்புடறா. சரி, விடிஞ்சு இறுக்கிக்கலாம்னு உட்டேன். அதுல ஒரு தப்பும் இல்ல. சைக்கிள் ஓடிப் போயிருமா என்ன?

ஆனா இவ விடியறதுக்கு முன்னாடியே போறாளாம். விஜயதசமியன்னிக்கு அந்தக் கூட்டம் ஆனைகட்டி தாண்டி எங்கியோ போகுதாம், நெம்பத் தூரம், மூணு மாசமாத் தயார் பண்ணிட்டு இருந்தாளாம். எனக்குச் சொன்னாங்களா? பரிமளா சொன்னேங்கறா. சொல்லியிருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்ல.

பொழுது சாயறப்ப சைக்கிளப் பாத்திருக்கா. முன்சக்கரத்த முட்டிக்கு நடுவுல புடிச்சுட்டு ஹேண்டில் பாரத் திருப்பிப் பாப்பாங்க, அது நாஞ் சொல்லிக் குடுத்ததுதான். ஹேண்டில் பார் தனியாத் திரும்புது. நேரா எங்கிட்ட வந்தா.

"அப்பா, அஞ்சு நம்பர் ஒண்ணு மட்டும் எடுத்துக்கறேன். இறுக்கிட்டு அதே எடத்துல வெச்சர்றேன்."

சாதாரணமாத்தான் கேட்டா. நானும் சாதாரணமாத்தான் சொன்னேன். பூசைல இருக்குது அம்மணி, காலைல ஏழரைக்கு மேல நல்ல நேரம், மறுபூசை போட்டதும் எடுத்துக்க, நானே இறுக்கித் தர்றேன்னேன். அஞ்சு மணிக்குக் கெளம்போணும்ப்பான்னா. அப்ப அடுத்த வாரம் போன்னேன். அதுக்கு அவ சொன்னா, "சாமி ஒண்ணும் சொல்லாதுப்பா. நீங்கதான் சொல்லுவீங்க."

பெத்தவன்கிட்டப் பேசற பேச்சுங்களா இது? நீங்களே சொல்லுங்க. எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. பரிமளா வேற, புள்ள கேக்குது குடுத்துருங்களேன்னு எந்திரிச்சு பூசை ரூமுக்குப் போறா. நான் போய் வாசப்படில நின்னுக்கிட்டேன். மறிக்கறதுக்கில்ல. சேலை காத்துல வெளக்கு அணைஞ்சிருமேன்னுதான். அவளும் திரும்பிப் போயிட்டா. அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணல. கை நீட்டல, சத்தம் போடல.

அப்பறம் அவ சைக்கிள் வாங்குனப்ப ஓசில குடுத்த சாவி ஒண்ணு இருந்துச்சு, அதத் தேடி எடுத்துட்டா. நாந்தான் சொன்னேன், அது இருக்குதுல்ல, அதுல பண்ணுன்னு. சைக்கிள் கடைல பெடலுக்கும் சீட்டுக்கும் மாட்டறதுக்குன்னு ஒண்ணு தருவாங்க பாருங்க, வெத்துத் தகரம் அது. அவ அத உட்டுத் திருகறா, வழுக்குது. மறுபடியும் திருகறா, மறுபடியும் வழுக்குது. குழில இருந்த மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு. அப்பா, சுத்துதுப்பா, புடிக்கலன்னா. நான் போய் ஹேண்டில் பாரப் புடிச்சு ஆட்டிப் பாத்தேன். ஆடல. போதும் அம்மணி, இதுக்கு மேல இறுக்குனா போல்ட்டு போயிரும்னு சொல்லிப்போட்டு வந்து சாப்புட்டேன். அன்னிக்கு அவ சாப்புடல.

விடியால போனது எனக்குத் தெரியாது. நான் குளிச்சு, ஏழரைக்கு மேல மறுபூசைக்கு உக்காந்தேன். தீபாராதன காட்டிட்டு இருக்கறப்ப ஃபோன் அடிச்சுது. அடிச்சுட்டே இருந்துச்சு. நடுவுல எந்திரிக்க முடியுங்களா? முடிச்சுட்டு, கற்பூரத்த ஒத்திட்டு, அப்பறந்தான் எடுத்தேன். அவகூடப் போன பையன் ஒருத்தன். ஆனைகட்டி ரோட்ல ஒரு எறக்கம், வேகத்துல ஒரு பள்ளத்துல எறங்கியிருக்கு. இவ கைய இந்தப் பக்கம் திருப்பியிருக்கா, சக்கரம் திரும்பல. ஹேண்டில் பார் மட்டும் கையோட வந்திருக்குது. மைல் கல்லுல தோள்பட்டை போய் மோதிருச்சு.

உசுருக்கு ஒண்ணுமில்ல. அது சாமி புண்ணியம். வலது கைதான் போச்சு. கை இருக்குது, ஆனா கழுத்துலருந்து கைக்கு வர்ற நரம்பு வேரோட அத்துப்போச்சாம். ரெண்டு ஆப்பரேசன் பண்ணுனாங்க. தொங்குதுங்க தம்பி. சட்டை மாட்டறப்ப இடது கையால அதத் தூக்கி உள்ள உடறா. ஒருக்கா சுடுதண்ணி பட்டுக் கொப்பளிச்சிருக்குது, அவளுக்குத் தெரியவே இல்ல. பரிமளா பாத்துத்தான் தெரிஞ்சிருக்கு. பல்லு டாக்டருக்கு ரெண்டு கையும் வேணுமாம், அதனால படிப்பும் நின்னுபோச்சு.

இல்லீங்க, நான் அழுகல. காத்து அடிக்குது. ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க.

ஆஸ்பத்திரிலருந்து நேராப் பெருந்துறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க ஒத்தாசைக்கு ஆள் இருக்குதுன்னு சொன்னா பரிமளா. ஒரு மாசம்னு சொன்னா, ஒரு வருசம் ஆயிப்போச்சு. தாரணி எங்கிட்டப் பேசறதில்ல. கோவம் கீவமெல்லாம் இல்ல, பேசறதில்ல, அவ்வளவுதான். நான் போனா உள்ரூமுக்குப் போயிருவா. நான் காப்பி குடிச்சுட்டு, மச்சினன்கூட மழை பேஞ்சதா இல்லையான்னு பேசிட்டு வந்துருவேன். இங்க ஊடு வெறிச்சுனு கெடக்குது. வாசல்ல அவ செருப்பு அப்படியே கெடக்குது, எடுத்து வெக்க மனசு வரல. எனக்கு அவள உட்டா ஆருங்க இருக்கா? அவ ஊட்டுக்கு வந்துரோணும். வந்து எங்கிட்டப் பேசலைன்னாலும் சரி, வந்து இருக்கோணும். அதுக்கோசரந்தான் இன்னிக்குப் போறேன்.

நேத்து ஃபோன்ல பரிமளாகிட்டச் சொன்னேன், இந்த செட்டக் கொண்டாந்து தாரணிகிட்டக் குடுக்கப் போறேன்னு. அதுக்கு அவ, "வர்றதுன்னா வாங்க. அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வராதீங்க"ன்னு வெச்சுட்டா. அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க. இடது கைல திருகிப் பழகிக்கலாம், ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா செட்டு முக்கியம் இல்ல. நான் அவளுக்கு ஒண்ணக் காட்டோணும். அதப் பாத்தான்னா தப்பு ஆரோடதுன்னு அவளுக்கே தெளிஞ்சிரும்.

உங்களுக்கும் காட்டறேன். நீங்கதான் கேட்டுட்டு வர்றீங்களே.

இந்தாங்க, இந்தப் போல்ட்டக் கைல வாங்குங்க. அவ சைக்கிள் கழுத்துல இருந்த ரெண்டுல ஒண்ணு. தலைல குழியப் பாருங்க, ஆறு பட்டை எங்கியாவது தெரியுதா? பாதி வட்டமாயிருச்சு. அது அந்த ஓசிச் சாவியோட வேலை. சைக்கிள் ஊட்டுக்கு வந்ததும் கடைலருந்து ஒரு பையன் வந்து பாத்தான். மழுங்கிப்போச்சு, ட்ரில் போட்டுத்தான் எடுக்கோணும்னான். நான் அவன நவுருடான்னுட்டு, பூசை ரூமுக்குப் போய் என்ற அஞ்சு நம்பர எடுத்துட்டு வந்து உட்டேன். சத்தமில்லாமக் கழண்டு கைல வந்துருச்சுங்க. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எல்லாம் அந்த ஓசிச் சாவி பண்ணுனதுன்னு. கடைக்குப் போய், இப்படி ஒரு தகரத்தக் குடுத்து ஒரு புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டீங்களேன்னு சத்தம் போட்டேன். எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க.

இப்பப் பாருங்க. இதுதான் அந்த ஓசிச் சாவி, இதையும் எடுத்து வெச்சிருக்கேன். போல்ட்டக் கெட்டியாப் புடிங்க. உள்ள உடறேன், திருகறேன். சுத்துதா? உங்க வெரல்ல ஒண்ணும் தெரியலைல்ல? இப்ப என்ற அஞ்சு நம்பர். முழுசா உள்ள அமுத்தோணும், பாதில உட்டுத் திருகக் கூடாது. இப்பப் புடிங்க, இன்னும் கெட்டியா. திருகறேன். பாத்தீங்களா? உங்க கையே திரும்புது. மழுங்கிப்போன குழிலயே புடிக்குது பாருங்க. இதுதான் நல்ல சாவி. நல்லா இருந்த போல்ட்டுல இது என்ன புடி புடிச்சிருக்கும், நெனச்சுப் பாருங்க. மலை மேலருந்து உருட்டி உட்டாலும் அந்தக் கழுத்து அசைஞ்சிருக்காது.

என்ன சொன்னீங்க? அன்னிக்கு இந்தச் சாவி அவ கைல இருந்திருந்தா உழுந்திருக்கவே மாட்டாளா?

அதேதானுங்க தம்பி. அதத்தான் ஒரு வருசமா நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். பரிமளாகிட்டச் சொன்னேன், எந்திரிச்சுப் போயிட்டா. மச்சினன்கிட்டச் சொன்னேன், தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தான். நீங்க ஒருத்தர்தான் கரெக்டாப் புரிஞ்சுட்டீங்க. இதே மாதிரி தாரணி முன்னாடியும் உக்காந்து, அவ இடது கைல போல்ட்டக் குடுத்து, ரெண்டு சாவியையும் மாத்தி மாத்தித் திருகிக் காட்டப் போறேன். அவளே வெரல்ல உணரட்டும். அப்பறமாச்சும் அப்பா மேல தப்பு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்குவாள்ல? தெரிஞ்சுட்டா ஊட்டுக்கு வந்துருவாள்ல?

ஏனுங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

விஜயமங்கலம் தாண்டிருச்சு. பெருந்துறை வருது, மேம்பாலம் தெரியுது பாருங்க. நான் எறங்கோணும். பொட்டிய மூடிட்டேன், பைல வெச்சுட்டேன். அந்தப் போல்ட்டக் குடுங்க.

தம்பி, போல்ட்டு. உங்க கைலதான் இருக்குது.

இல்லீங்க, அவகிட்டக் காட்ட வேண்டாம்னு நீங்க சொல்றதுக்கு என்ன இருக்குது? அவ அப்பன் நான். என்ன காட்டோணும், என்ன காட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இருங்க கண்டக்டர், எறங்கறேன், ஒரு நிமிசம். தம்பி, கைய மூடிட்டு உக்காந்திருந்தா எப்படி? விசில் ஊதறாரு பாருங்க. வெளையாடாதீங்க, எனக்கு வேற வழியே இல்ல, அது ஒண்ணுதான் இருக்குது.

குடுத்துருங்க தம்பி. ஒருத்தர் இவ்வளவு அவசரத்துல நின்னுட்டுக் கேக்கறப்ப, மனுசனாப் பொறந்தவன் குடுக்காம இருப்பானுங்களா?